மொட்டைப் புட்டிகள்

“இதுவும் மொட்டை, மேஸ்திரி” என்று பேக்கிங்கில் வேலை செய்யும் தாயாரம்மாள் வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இந்தா, இதுவும். தோ, இன்னொண்ணு.”

பக்தவச்சலம் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். ஆர்.கே.பேட்டைக் கடையிலிருந்து திரும்பி வந்திருந்த பெட்டி அது. உள்ளே இருந்த ஒவ்வொரு புட்டியிலும் மருந்து கழுத்துவரை இருந்தது. தக்கை இருந்தது, தக்கைமேல் வைத்த அரக்கும் உடையாமல் இருந்தது. லேபிள் மட்டும் இல்லை.

திருத்தணியில் ரயிலடிக்குப் போகிற சாலையில் கஜபதி ஓம வாட்டர் கம்பெனி என்றால் தெரியாதவர்கள் கிடையாது. வயிற்றுவலி, பொருமல், கைக்குழந்தைகளின் மாந்தம் எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி. மருந்து காய்ச்சுவது முதலாளி கஜபதியின் பொறுப்பு. புட்டியைக் கழுவிக் காயவைத்து, மருந்தை நிரப்பி, தக்கை அடித்து, லேபிள் ஒட்டி, வைக்கோல் பரப்பிப் பெட்டியில் அடுக்கி ஆணி அடிப்பதுவரை மற்ற எல்லாம் பேக்கிங் மேஸ்திரி பக்தவச்சலத்தின் பொறுப்பு. ஆகவே மருந்து நன்றாக இருந்தால் பெருமை முதலாளிக்கு, புட்டியில் குறை என்றால் திட்டு மேஸ்திரிக்கு.

லேபிளில் கஜபதியின் படம் இருந்தது. அரக்கோணத்துப் படக்காரர் வெளிச்சத்துக்காகக் கொளுத்திய பொடி டப்பென்று வெடித்த அதே நொடியில் எடுத்த படம். கண் இரண்டும் விரிந்து, மீசை விறைத்து, பல் வரிசை முழுக்கத் தெரியும். யுத்த காலத்து மட்டமான மை வேறு அதை இன்னும் கறுப்பாக்கிவிட்டிருந்தது. “கம்பீரமா இருக்குது” என்று முதலாளி சொல்லிவிட்டதால் கம்பெனியில் எல்லோருக்கும் அது கம்பீரமாகவே பட்டது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அவர் ஓர் எச்சரிக்கையும் அச்சடித்திருந்தார்: ‘இந்த முகம் இல்லாத புட்டி போலி. கடையில் கொடுத்து, முகம் உள்ள புட்டியாக மாற்றிக்கொள்ளவும்.’

மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அதுதான் தொல்லை.

“இன்னாய்யா இது?” என்று கஜபதி பேக்கிங் அறைக்குள் வந்து நின்றார். மேஜைமேல் மொட்டைப் புட்டிகள் வரிசையாக நின்றன. “என் மூஞ்சி எங்கய்யா?”

“உளுந்துட்டிருக்குதுங்க மொதலாளி.”

“உளுந்ததுன்னா எங்க உளுந்தது? காட்டு.”

பக்தவச்சலம் வைக்கோலைக் கிளறினான். தாயாரம்மாள் பெட்டியைக் கவிழ்த்தே கொட்டினாள். வைக்கோல் விழுந்தது, ஒரு செத்த பல்லி விழுந்தது. லேபிள் ஒன்றுகூட விழவில்லை.

“பசை சரியில்ல. அதான் விஷயம்” என்றார் கஜபதி. “ஆடிக் கிருத்திகை வருது. நாலு ஜில்லா ஜனமும் காவடி எடுத்துகினு இங்க வரும். அதுக்குள்ள லேபிள் நிக்கணும். நிக்கலன்னா நீ இங்க நிக்க முடியாது. மணவூருக்கு ரயிலேறிப் போய்ட்டே இரு.”

மணவூர் பக்தவச்சலத்துக்குப் பெண் கொடுத்த ஊர். அங்கே அவன் மாமனார் ஜம்புலிங்கம் புண்ணாக்கு மண்டி வைத்திருந்தார். தன் மாப்பிள்ளை திருத்தணியில் மருந்துக் கம்பெனி மானேஜர் என்று மணவூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவரும் அவரே. வேலை போனால் அந்த மண்டியில் நின்று மாட்டுக்காரர்களுக்குப் புண்ணாக்கு நிறுக்க வேண்டும். அதைவிட, மனைவி கமலா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பதுதான் அவனால் தாங்க முடியாதது.

“ஒரு வேலை பண்ணு” என்று வாசலில் திரும்பினார் கஜபதி. “உளுந்த லேபிள் ஒண்ணே ஒண்ணு என் கண்ணுல காட்டு. எப்பிடி உளுந்ததுன்னும் சொல்லு. சொல்லிட்டா இந்த ஜென்மத்துக்கு உன் வேலைய எவனும் அசைக்க முடியாது.”

பயம் ஒரு பக்கம் இருந்தாலும், பக்தவச்சலத்துக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. புட்டியில் ஒட்டியிருந்த காகிதம் புட்டியில் இல்லை, பெட்டியிலும் இல்லை. அப்படியானால் எங்கேதான் போகும்? அன்று சாப்பிடும்போதும் அதே யோசனை. “ரசம் ஊத்தட்டுமா?” என்று கமலா கேட்டதற்கு, “வைக்கோல்ல இல்லியே” என்றான்.

மறுநாள் பரீட்சையில் இறங்கினான். புளியங்கொட்டைப் பசையால் லேபிள் ஒட்டிய புட்டிகளை வெயிலில் வைத்தான். நிழலில் வைத்தான். ஒரு பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பள்ளம் மேடு பார்க்காமல் ஊரைச் சுற்றிவரச் செய்தான். வண்டிக்காரனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. லேபிள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தனை புட்டியிலும் முதலாளி முன்போலவே முழித்துக்கொண்டிருந்தார்.

“இங்க உளாத லேபிள் அங்க மட்டும் எப்பிடி உளும்?” என்றான் பக்தவச்சலம்.

“கரப்பான் தின்னுதோ இன்னாமோ” என்றாள் தாயாரம்மாள். “புளியங்கொட்ட மாவுன்னா அதுங்களுக்கு விருந்தாச்சே.”

பக்தவச்சலம் துள்ளி எழுந்தான். தின்றிருந்தால் லேபிள் எங்கேயும் கிடைக்காதுதான்! அன்றைக்கே மயில்துத்தம் வாங்கிவந்து பொடித்துப் பசையில் கலந்தான். கரப்பான் வாய் வைத்தால் அங்கேயே மல்லாந்துவிடும். ஆனால் துத்தம் காகிதத்தில் ஊறி, படத்தில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் பச்சையாகிவிட்டது. முதலாளியின் கன்னமும் பல்லும் பாசி பிடித்தாற்போல ஆயின.

“இத அவரு பாத்தா?” என்றாள் தாயாரம்மாள்.

“பாக்கறதுக்கு முன்னாடி ஆணி அடிச்சிடு” என்றான் பக்தவச்சலம்.

பச்சைப் பெட்டிகள் ஆர்.கே.பேட்டைக்குப் போயின. போன வேகத்தில் அந்த ஊர்க் கடைக்காரர் கோதண்டம் இன்னும் இரண்டு பங்கு சரக்கு கேட்டுச் சொல்லியனுப்பினார். பக்தவச்சலம் பூரித்துப்போனான். ஆனால் ஆர்டர் கொண்டுவந்த அதே வண்டியிலிருந்து பெட்டிகளும் இறங்கின. எல்லாம் மொட்டை. முன்பு வந்ததைவிட இரண்டு பங்கு மொட்டை.

கஜபதி பெட்டிகளைப் பார்த்தார். “மணவூர் வண்டி காத்தாலதானே?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இனி அறைக்குள் உட்கார்ந்து பயனில்லை என்று பக்தவச்சலம் தானே கிளம்பினான். பெட்ரோல் கிடைக்காத காலம். கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ் மேட்டைக் கண்டபோதெல்லாம் பிரயாணிகளை இறக்கிவிட்டது. தள்ளியும் ஏறியும் அவன் ஆர்.கே.பேட்டை போய்ச் சேர்ந்தபோது வேட்டி முழுக்கக் கரியாக இருந்தது.

கோதண்டத்தின் கடையில் புட்டிகள் அலமாரியில் ஒழுங்காக இருந்தன. எல்லாவற்றிலும் லேபிள் இருந்தது.

“என் கடையில ஒண்ணுகூட உளலப்பா” என்றார் கோதண்டம். “இங்கருந்து லேபிளோடதான் போவுது. ஜனங்க மறுநாளே கொண்டாந்து, உளுந்துட்சி, மாத்திக் குடுங்கறாங்க. நீங்கதானே மாத்தித் தரோம்னு போட்டுகிறீங்க? மாத்திக் குடுக்கறேன்.”

அப்படியானால் லேபிள் விழுவது வீடுகளில்! பக்தவச்சலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த தெருவில் நுழைந்தான். இரண்டு பக்கமும் நெசவாளர் வீடுகள், உள்ளேயிருந்து தறிச் சத்தம். முதல் வீட்டுக் கதவைத் தட்டியதும் ஒரு பெண் வந்து கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் கன்னியம்மாள். தான் ஓம வாட்டர் கம்பெனிக்காரன் என்று அவன் சொன்னதும் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள்.

“உங்க வூட்லயும் லேபிள் உளுந்துதாம்மா?”

“ஆங். உளுந்துட்சி.”

“எப்பிடி உளுந்துது?”

“தானாதான் உளுந்துட்சிங்க.” அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தெருக்கோடியைப் பார்த்தாள்.

“உளுந்த லேபிள் இருக்குதா? கொஞ்சம் பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

“அது காத்துல அட்ச்சிகினு பூட்சிங்க.”

அன்று ஆர்.கே.பேட்டையில் ஒரு வேப்பிலைகூட அசையவில்லை. பக்தவச்சலம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். அவன் படி இறங்கியபோது கன்னியம்மாள் தானாகவே கூப்பிட்டாள்.

“ஏங்க, புட்டியில போடறீங்களே அந்தப் படம், அத இன்னும் கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்களேன்.”

“ஏம்மா?”

“சும்மாதான். பெருசா இருந்தா நல்லாருக்கும்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்புகிற பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவன் யோசித்தான். தறி வீடு. பாவு நூல் அறாமல் இருக்க வீட்டுக்குள் ஈரம் வேண்டும் என்பார்கள், குழித்தறியில் கால் வைத்தாலே சில்லென்று இருக்கும். அந்த ஈரத்தில் புளியங்கொட்டைப் பசை இளகாமல் என்ன செய்யும்? லேபிள் விழுகிறது, ஈரத் தரையில் கூழாகிறது, துடைப்பத்தோடு போய்விடுகிறது. இவ்வளவுதானே! நடுச்சாலையில் நின்று அவன் கைதட்டியதில் பஸ் பின்னால் உருண்டது. கண்டக்டர் திட்டினார்.

ஈரத்துக்கு அசையாதது தச்சர்களின் வஜ்ஜிரப் பசை. ஆசாரி பஞ்சாட்சரத்திடம் போய்க் கேட்டான்.

“காயிதம் ஒட்டறதுக்கா வஜ்ஜிரம் கேக்கறே?” என்றார் ஆசாரி. “கதவுக்கும் நிலைக்கும் போடறதுய்யா இது. ஈரம் கீரம் படாம இருக்க நான் இதுல வேற சரக்கும் சேக்கறேன். ஒட்டினா ஒட்டினதுதான். அப்புறம் எங்கிட்ட வந்து உரிக்கச் சொல்லாதே.”

“அதான் எனக்கு வேணும்!”

வஜ்ஜிரம் காய்ச்சிய அன்று தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. தோலும் எலும்பும் வெந்த நாற்றம். தாயாரம்மாள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒட்டினாள். பக்தவச்சலம் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டு, மொட்டைப் புட்டி வருவது நின்றால் தானே மொட்டை போட்டுக்கொள்வதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டான்.

முருகன் கைவிடவில்லை. வாரம் போனது, அடுத்த வாரமும் போனது. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு மொட்டைப் புட்டிகூட வரவில்லை. பக்தவச்சலம் படியேறிப் போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தான். கமலா அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “வேலை தங்கிச்சே, அது போதும்” என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும்தான்.

இரண்டாம் நாள் கோதண்டம் நேரிலேயே வந்து இறங்கினார். அவர் பின்னால் பெட்டி பெட்டியாகப் புட்டிகள் இறங்கின. எல்லாவற்றிலும் லேபிள் பத்திரமாக இருந்தது.

“இன்னாங்க இது? லேபிள் நல்லாதானே கீது?” என்றான் பக்தவச்சலம்.

“லேபிள் நல்லாத்தான் கீது. வாங்கத்தான் ஆளில்ல” என்றார் கோதண்டம். “மொத நாள் வாங்கினவங்க மறுநாள் நகத்த ஒடச்சிகினு வந்து, இப்பிடியா ஒட்டுவீங்கன்னு திட்றாங்க. இன்னாத்துக்கும்மா திட்றேன்னா, வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. அப்புறம் ஒருத்தரும் கடைப் பக்கமே வரல.”

“நாத்தம்!” என்று முழங்கினார் கஜபதி. “வஜ்ஜிர நாத்தத்துக்கு எவன் வாங்குவான்? மருந்தக் கெடுத்தியேடா பாவி!”

பக்தவச்சலம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில் கன்னியம்மாள் கேட்டதை எடுத்துவிட்டான். “மொதலாளி, அந்த ஊர்ல ஒரு அம்மா உங்க படத்தப் பெருசா போடச் சொன்னாங்க.”

கஜபதியின் கோபம் அப்படியே நின்றது. “என் படத்தையா?”

“ஆங். பெருசா இருந்தா நல்லாருக்கும்னாங்க.”

கஜபதி நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். “விஷயம் இதுதான் நைனா” என்று கடைசியில் சொன்னார். அவர் பக்தவச்சலத்தை நைனா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. “ஜனங்களுக்கு என் முகத்து மேல ஒரு பிரியம். பழைய படம் கொஞ்சம் மொறச்சாப்ல இருக்குது. பெருசாவும் போடறேன், லட்சணமாவும் போடறேன்.”

அன்றே அரக்கோணம் போனார். மீசையை மழித்தார். முகத்துக்குப் பவுடர் போட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, பல் தெரியாமல் புன்னகை செய்து படம் எடுத்துக்கொண்டார். புதிய லேபிளில் புட்டி முழுக்க அவர்தான் இருந்தார். பசை மட்டும் பழையபடி புளியங்கொட்டைக்கே திரும்பியது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அடிவாரமே தெரியாதபடி காவடிக் கூட்டம். அரோகரா சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கவில்லை. படியேறும் வழியில் பந்தல் போட்டு, புட்டிகளை அடுக்கி, பக்கத்தில் கஜபதியும் லேபிளில் உள்ள அதே புன்னகையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் வந்தார்கள். குறிப்பாக ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஜனங்கள் ஆவலாக வந்தார்கள். புட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு வைத்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் கஜபதியின் புன்னகை கரைந்துவிட்டது. இரண்டு புட்டிதான் விற்றிருந்தது. அதில் ஒன்றை வாங்கியவர் நிஜமாகவே வயிற்றுவலிக்காரர்.

“போதும்” என்று எழுந்தார் கஜபதி. “பசையக் கெடுத்தே, பேரக் கெடுத்தே, என் மீசையும் போச்சு. உளுந்த லேபிள் ஒண்ணு காட்டுன்னு எத்தினி தபா கேட்டேன்? காட்டினியா? காத்தால மணவூர் வண்டிக்குப் போயிடு. உன் மாமனாருக்கு நானே சொல்லியனுப்பறேன்.”

பக்தவச்சலம் மேல்துண்டை எடுத்து மொட்டைத் தலையில் போட்டுக்கொண்டான். புண்ணாக்கு வாசனை இப்போதே மூக்கில் ஏறுவதாகத் தோன்றியது. போவது போகட்டும், அந்த லேபிள்கள் எங்கே போயின என்று தெரியாமலே போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

“ஏங்க, பழைய புட்டி இல்லீங்களா?”

பக்தவச்சலம் திரும்பினான். மஞ்சள் புடவையும் தோளில் பூக்காவடியுமாகக் கன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மொட்டையும் துண்டுமாக இருந்த அவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“மருந்து அதேதாம்மா” என்றான் சுரத்தில்லாமல்.

“இது வேணாங்க. எனக்கு அந்தப் பழசுதான் வேணும். பச்சையா வந்துதே, அது இருந்தா ரொம்ப நல்லது.” காவடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். “தோ, இது மாதிரி. இது நைஞ்சி பூட்சி.”

பக்தவச்சலம் பிரித்துப் பார்த்தான். ஓரம் கருகி, நடுவில் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. அவற்றின் நடுவிலிருந்து இரண்டு கண்கள் முழித்தன.

“மொதலாளி!” என்று அவன் அலறிய அலறலில் பக்கத்திலிருந்த காவடிகள் நின்றன. “லேபிள்! உளுந்த லேபிள்!”

கஜபதி அதைப் பிடுங்கிப் பார்த்தார். தம் பழைய மீசையை ஒருமுறை விரலால் தடவிக்கொடுத்தார். “சொல்லும்மா. நீயே சொல்லு. இது எப்பிடி உளுந்துது? இவன் போட்ட பசைதானே காரணம்?”

கன்னியம்மாள், பவுடர் பூசிய அந்த மழுமழு முகத்துக்காரர் யாரோ என்று ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மலையுச்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“காவடிய தோள்ல வெச்சிகினு பொய் சொல்லக் கூடாதுங்க சாமி. தானா உளல, புட்டிய ஊற வெச்சி நாங்கதான் உரிச்சோம். எங்க ஊர்ல இந்தப் பூதத்த ஒட்டாத தறியே கெடையாது, இதோட முழியப் பாத்தா எந்தத் திஷ்டியும் வூட்டாண்ட வராது!”